மாவு மில் ஓடும் நேரம்

என் அறை அலமாரியின் மேல்தட்டில் ஒரு நீல நிற பிளாஸ்டிக் டிபன் டப்பா இருக்கிறது. அதன் மூடியில் மூன்று விரல் தடத்தில் சந்தனம் காய்ந்து கிடக்கிறது. நடுவில் வைத்த குங்குமம் கறுத்துவிட்டது. பக்கவாட்டில் சூடான கத்தியால் அறுத்த ஒரு சதுர ஓட்டை, அதற்குள் ஒரு சின்னத் திரை, அதற்குக் கீழே செத்துப்போன ரேடியோவிலிருந்து கழற்றிய ஒரு குமிழ். விடுதியில் என்னோடு தங்கியிருக்கும் பெண் வந்த புதிதில் அதைப் பார்த்துவிட்டு, "இன்னாக்கா இது, சாமி டப்பாவா?" என்று கேட்டாள். சாமி சமாச்சாரம் எதுவும் அதில் இல்லை. என் அண்ணி கையால் செய்த சிக்னல் ஜெனரேட்டர் அது. அந்தச் சந்தனத்தைப் பார்க்கும்போதெல்லாம் முகத்தைத் திருப்பிக்கொள்வேன். அப்படியும் அதைத் துடைக்கவில்லை, டப்பாவைத் தூக்கி எறியவும் இல்லை.

அப்போது நாங்கள் புதுவாயலில் இருந்தோம். நெடுஞ்சாலையிலிருந்து உள்ளே திரும்பும் தெருவில் ஒரு மாடி போர்ஷன். கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில் ஒரு மருந்துக் கம்பெனியின் பேக்கிங் பிரிவில் எனக்கு வேலை. என் அண்ணனுக்கு அங்கேயே இரும்பு உருக்கும் ஆலை ஒன்றில் மீட்டர்களையும் அளவுக் கருவிகளையும் பார்த்துக்கொள்ளும் இன்சார்ஜ் வேலை. அண்ணன், அண்ணி, அவர்கள் பெண் பாப்பா, நான் என்று நான்கு பேர் ஒரே வீட்டில் இருந்தோம். இதை எழுத உட்கார்ந்தபோது அண்ணனை மரியாதையோடு 'அவர்' என்று எழுதலாம் என்றுதான் நினைத்தேன். கை வரவில்லை. அவன் என்றே எழுதுகிறேன், படிப்பவர்கள் மன்னிக்க வேண்டும்.

மொட்டை மாடியில் நின்றால் அண்ணனுடைய ஆலையின் புகைபோக்கி தெரியும். காலையில் போட்ட கோலம் மதியத்துக்குள் சாம்பல் நிறமாகிவிடும். தயிர்ப் பாத்திரத்தைக் கொஞ்ச நேரம் திறந்து வைத்தால் மேலே மிளகுத்தூள் தூவினாற்போல் கரி படியும். மூக்கைச் சிந்தினால் கைக்குட்டை கறுப்பு. தலையணை உறையில் நாங்கள் படுத்த இடம் மட்டும் வெளுப்பாக, சுற்றிலும் அழுக்காக, தலையின் அளவு பதிந்திருக்கும். வெள்ளைத் துணி வாங்குவதையே நாங்கள் விட்டுவிட்டோம். வீட்டுக்கு வந்த விருந்தாளி ஒருவர் தண்ணீர் டம்ளரின் விளிம்பைத் துண்டால் துடைத்துவிட்டுக் குடித்தார், அண்ணிக்கு அவமானத்தில் முகம் செத்துவிட்டது. இத்தனைக்கும் நாள் முழுக்க வீட்டைத் துடைப்பவள் அவள். ஆனால் ஆலை வாசலில் ஒரு பெரிய மின்பலகை இருந்தது. எங்கள் புகைபோக்கியிலிருந்து வெளியேறும் தூசியின் அளவு இவ்வளவு, அனுமதிக்கப்பட்ட அளவு இவ்வளவு என்று அதில் பச்சை எண்கள் ஓடும். முதல் எண் எப்போதும் இரண்டாவது எண்ணுக்குக் கீழேயே இருக்கும். ஆலை யோக்கியமானது என்று ஊரே நம்புவதற்கு வைத்த பலகை அது.

அண்ணி ஆர்.கே.பேட்டைப் பக்கத்துப் பெண். எலக்ட்ரானிக்ஸ் டிப்ளமோ படித்துவிட்டு, கல்யாணத்துக்கு முன் இன்வெர்ட்டர் பழுது பார்க்கும் கடையில் வேலை செய்தவள். "ஊட்ல இருந்துக்கினு பாப்பாவ பாத்துக்கோ, போதும்" என்று அண்ணன் சொல்லிவிட்டதால் வேலையை விட்டாள். கையை மட்டும் விட முடியவில்லை. தெருவில் யார் வீட்டு மிக்சி நின்றாலும் எங்கள் வீட்டுக்குத்தான் வரும், ஈயத்தை உருக்கிக் கம்பி ஒட்டும் சால்டரிங் வேலையில் அவள் கெட்டிக்காரி. அவளுக்கு ஒரு ஆசை இருந்தது. கடையில் விற்கும் நல்ல சிக்னல் ஜெனரேட்டர் ஒன்று வாங்கும் பணத்துக்கு செகண்ட் ஹேண்டில் ஸ்கூட்டியே வாங்கிவிடலாம். அது செய்யும் வேலையைக் கைச்செலவுக் காசில் நாமே செய்து பார்த்துவிட வேண்டும் என்பதுதான் அந்த ஆசை. புடவை எடுக்க சென்னைக்குப் போனால், அவள் மட்டும் எலக்ட்ரானிக்ஸ் சாமான் விற்கும் ரிச்சி தெருவுக்கு நழுவிவிட்டு ஒரு சின்னப் பொட்டலத்தோடு வருவாள்.

அது என்ன கருவி என்று எனக்குப் புரிகிற மாதிரி அவளேதான் சொன்னாள். மின்சாரத்தை நாம் விரும்பும் வடிவத்தில் அலையாக்கித் தரும் பெட்டி. வழவழவென்று ஏறி இறங்கும் அலை, சதுரமாக வெட்டி வெட்டி வரும் அலை, முக்கோண அலை என்று எது கேட்டாலும் கொடுக்கும். ஒரு ரேடியோவோ ஆம்ப்ளிஃபயரோ எங்கே பழுதாகியிருக்கிறது என்று பார்க்க, ஒரு முனையில் இந்த அலையை ஊட்டி மறுமுனையில் எப்படி வருகிறது என்று பார்ப்பார்களாம். அண்ணியுடையதில் இன்னொன்றும் உண்டு. வேண்டிய எண்களை வரிசையாக எழுதிக் கொடுத்துவிட்டால், நேரம் தவறாமல் அதையே திருப்பித் திருப்பி வெளியே விடும். அதற்காக உள்ளே ஒரு குட்டிக் கடிகாரமும் வைத்திருந்தாள். "இன்னா குடுக்கிறோமோ அத அப்பிடியே பாடும். சொந்த புத்தி கெடையாது" என்பாள்.

முதலில் செய்தது புகைந்து போயிற்று. அடுத்தது ஓடியது, ஆனால் அலை நெளிந்தது. அலையைப் பார்க்கும் கருவியெல்லாம் வீட்டில் ஏது? ஒரு பழைய ஸ்பீக்கரை மாட்டி, காதால் கேட்டே சரி செய்தாள். வழவழ அலை என்றால் ஊதலாகக் கேட்கும், சதுர அலை என்றால் பல்லைக் கூச வைக்கும். பாப்பா அதன் பக்கத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்துகொண்டு, "கொசு சவுண்டு வெய்மா, லாரி சவுண்டு வெய்மா" என்று நச்சரிப்பாள். பாப்பாவின் டிபன் டப்பா ஒன்று மூடி சரியாகச் சேராமல் மூலையில் கிடந்தது. அதற்குள்தான் எல்லாவற்றையும் குடியேற்றினாள். குமிழைத் திருக, ஊதல் மேலே ஏறி ஏறிக் காதுக்கு எட்டாமல் போனபோது அண்ணி சிரித்த சிரிப்பை அதற்கு முன்னும் பின்னும் நான் பார்த்ததில்லை.

அண்ணன் ஆரம்பத்தில், "இன்னா, ஊட்ல பாம் செய்றியா?" என்று கிண்டல் அடித்துக்கொண்டிருந்தான். டப்பா வேலை செய்கிறது என்று தெரிந்த அன்று அவன் முகம் மாறிவிட்டது. ஆலையில் மீட்டர்கள் சரியாகக் காட்டுகின்றனவா என்று பார்க்க இப்படி ஒன்று வேண்டும் என்றும், கம்பெனி வாங்கித் தரவில்லை என்றும் சொன்னான். ஆலைக் கருவிகளுக்கு ஏற்றபடி மிகச் சிறிய மின்னோட்டமாக வெளியே வருவதற்கு இன்னொரு சின்ன போர்டைச் சேர்க்கச் சொன்னான். அண்ணிக்குத் தலைகால் புரியவில்லை. தான் செய்த சாமான் கம்பெனிக்குப் போகிறது என்று தெருவெல்லாம் சொன்னாள். அவள் வேலைக்குப் போகாவிட்டாலும் அவள் டப்பா போகிறதே என்று எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது.

சில நாள் கழித்து டப்பாவைத் திரும்பக் கொண்டுவந்தான். நேர்கோடாக ஒரே எண் வருவது பார்க்க நன்றாக இல்லை என்றான். புதிதாகச் சேர்ந்த பையன்களுக்குப் பயிற்சி கொடுக்கவாம், நிஜம்போல் கொஞ்சம் ஆட வேண்டுமாம். "நெஜம் மாரி கொஞ்சம் ஏறி எறங்கணும். ஆனா ரொம்ப ஏறக்கூடாது, இன்னா?" என்றான். எண்களைக் கற்பனையாக எழுதிக் கொடுக்க அண்ணிக்கு மனசு ஒப்பவில்லை. ஆடினால் உண்மையாக ஆடவேண்டும் என்பது அவள் கொள்கை. எங்கள் வீட்டிலேயே நாள் முழுக்க ஆடுகிற ஒன்று இருந்தது. அதுதான் கரண்ட். எதிர்வீட்டுக் கீழ்ப்பகுதியில் ஒரு மாவு மில். ஷிப்டு முடிந்து வரும் பெண்கள் சாயந்தரம் அரிசியும் மிளகாயும் கொண்டுவந்து வரிசையில் வைப்பார்கள். மில் ஓட ஆரம்பித்ததும் எங்கள் வீட்டு டியூப் லைட் கண் சிமிட்டும், ஃபேன் சோர்ந்துபோகும், மில் நின்றதும் மறுபடி நிமிரும். அண்ணி ஒரு முழு நாளுக்கு வீட்டுக் கரண்டின் ஏற்ற இறக்கத்தை அப்படியே பதிந்து, அண்ணன் சொன்ன அளவுக்குச் சுருக்கி, டப்பாவுக்குள் போட்டாள். அண்ணன் திரையைப் பார்த்துவிட்டு, "சூப்பர், உயிர் இருக்குது" என்று சொல்லி அதை மறுபடி ஆலைக்கு எடுத்துப்போனான். அந்த உயிர் எங்கிருந்து வந்தது என்று அவன் கேட்கவே இல்லை.

அந்த மழைக்காலத்தில்தான் பாப்பாவுக்கு மூச்சு வாங்க ஆரம்பித்தது. முதலில் இருமல் என்று நினைத்தோம். பிறகு படுக்கையில் உட்கார்ந்துகொண்டு, தோள் இரண்டும் ஏறி இறங்க, வாயைத் திறந்து காற்றைத் தேடுவாள். கழுத்துக் குழி உள்ளே போய்ப் போய் வரும். நெபுலைசர் முகமூடியைப் பிடித்துக்கொண்டு அண்ணி உட்கார்ந்திருப்பாள். டாக்டர், "வீட்ல யாராவது சிகரெட் பிடிக்கிறாங்களா? ஏதாவது புகை?" என்று கேட்டார். அண்ணி வாயைத் திறப்பதற்குள் அண்ணன் முந்திக்கொண்டான். "இவதான் சார் ஊட்ல சால்டரிங் பண்ணிக்கினே இருக்கா. ஈயப் பொக. சொன்னா கேக்கறதில்ல." டாக்டர் அண்ணியை நிமிர்ந்து பார்த்தார். "படிச்சவங்க மாதிரி இருக்கீங்க, குழந்தை இருக்கிற வீட்டில இதெல்லாம் எதுக்கும்மா?" என்றார். நான் அந்த அறையில்தான் நின்றேன். அண்ணி தலையைக் குனிந்துகொண்டு பாப்பாவின் முதுகைத் தடவிக்கொண்டே இருந்தாள்.

வீட்டுக்கு வந்ததும் சால்டரிங் கம்பி, ஈயச் சுருள், பொட்டலங்கள் எல்லாவற்றையும் ஒரு சாக்கில் போட்டுக் கட்டிப் பரணில் ஏற்றிவிட்டாள். திரைச்சீலைகளைத் துவைத்தாள், சுவரைக் கழுவினாள். அக்கம்பக்கத்தில் எந்த மிக்சி வந்தாலும் திருப்பி அனுப்பினாள். பாப்பாவுக்கு மூச்சு வாங்கும்போதெல்லாம் தன் கைகளைத் தானே முகர்ந்து பார்ப்பாள், ஈய வாடை இன்னும் போகவில்லையோ என்று. ஒரு தாய் தன் கையைத் தானே அப்படி முகர்ந்து பார்ப்பதை நான் பார்த்துக்கொண்டிருந்தேன். பக்கத்தில் உட்கார்ந்து நாஷ்டா சாப்பிட்டுக்கொண்டிருந்த அண்ணனும் பார்த்தான். பார்த்துவிட்டு இன்னொரு தோசை கேட்டான். சால்டரிங் நின்று மாதங்கள் ஆகியும் பாப்பாவின் இழுப்பு மட்டும் நிற்கவில்லை.

அடுத்து வந்த ஆயுத பூஜைக்கு ஆலையிலிருந்து குடும்பத்தோடு வரச் சொன்னார்கள். அன்று உலை அணைந்திருக்கும். இயந்திரங்களைக் கழுவிப் பொட்டு வைப்பார்கள், வீட்டு ஆட்களை உள்ளே கூட்டிக்கொண்டு போய்க் காட்டுவார்கள், பொரியும் சுண்டலும் ஸ்வீட் பாக்ஸும் கொடுப்பார்கள். சாயந்தரம் நாங்கள் ஆட்டோவில் போய் வாசலில் இறங்கினோம். புகைபோக்கி சுத்தமாக நின்றது. வானம் என்ற ஒன்று நீலமாக இருக்கும் என்பதே எனக்கு அன்றுதான் நினைவுக்கு வந்தது. அண்ணி உள்ளே நுழையாமல் மின்பலகையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். புகையே இல்லாத புகைபோக்கிக்கு எண் ஓடிக்கொண்டிருந்தது. கொஞ்சம் ஏறியது, கொஞ்சம் இறங்கியது. நாங்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே சட்டென்று கீழே விழுந்து, அங்கேயே சோர்ந்து நின்றது.

"மில்லு ஓடுது" என்றாள் அண்ணி.

எனக்கு விளங்கவில்லை. "இன்னிக்கி மில்லு லீவு அண்ணி. அங்கயும் பூஜதான்."

"அதான்" என்றாள். பிறகு பாப்பாவை என் கையில் கொடுத்துவிட்டு உள்ளே நடந்தாள்.

கட்டுப்பாட்டு அறையில் சாம்பிராணி வாசனை. ஒரு வயதான ஹெல்பர் சந்தனக் கிண்ணத்தோடு ஒன்றுவிடாமல் பொட்டு வைத்துக்கொண்டு வந்திருந்தார். வழக்கமாகப் பூட்டியிருக்கும் இரும்பு அலமாரிகளின் கதவுகளெல்லாம் கற்பூரம் காட்டுவதற்காக அன்று விரியத் திறந்திருந்தன. பூட்டு, ஸ்பேனர், கம்ப்யூட்டர் மவுஸ் என்று எதையும் அவர் விடவில்லை. ஓர் அலமாரியின் மூலையில், கம்பிக் கூட்டத்துக்கு நடுவே, பாப்பாவின் நீல டிபன் டப்பா இருந்தது. மூடியில் சந்தனம், குங்குமம், மேலே ஒரு முழம் சாமந்தி. புகைபோக்கியில் தூசியை அளக்கும் கருவியிலிருந்து வரும் கம்பி பிடுங்கித் தனியாகத் தொங்கியது. அது இருக்கவேண்டிய இடத்தில் டப்பாவின் கம்பி சொருகியிருந்தது. வாசல் பலகைக்கும், அங்கிருந்து அரசாங்கக் கம்ப்யூட்டருக்கும், ஊர் சுவாசிக்கும் காற்றின் கணக்கு என்று போய்க்கொண்டிருந்தது எங்கள் வீட்டு டியூப் லைட்டின் சிமிட்டல்தான். பெரியவர் அண்ணியைப் பார்த்துப் பல்லெல்லாம் தெரிய, "அதுக்கும் வெச்சாச்சும்மா, ஒன்னும் உடல" என்றார். பாவம், அவருக்கு என்ன தெரியும்?

அண்ணி கம்பியைப் பிடுங்கினாள். பூவை உதறிவிட்டு டப்பாவைக் கையில் எடுத்துக்கொண்டாள். அண்ணன் சுண்டல் தட்டோடு ஓடி வந்தான். "ஏய், இன்னா பண்ற? வை அத! மேனேஜர் பாக்கறாரு."

"இது என் டப்பா."

"ஊட்ல பேசிக்கலாம். மொதல்ல வை."

"பாப்பாவுக்கு மூச்சு வாங்கறப்ப டாக்டர் கைல இன்னா சொன்ன நீ?" என்றாள். அதுவரை அவள் அண்ணனை நீ என்று பேசி நான் கேட்டதில்லை. "என் ஈயப் பொகன்னு சொன்ன. அப்போ இது இங்க இருந்துச்சா இல்லயா? அத மட்டும் சொல்லு."

அண்ணன் தட்டிலிருந்த சுண்டலைப் பார்த்தான். மேனேஜர் மட்டும் சிரித்துக்கொண்டே வந்து, "பண்டிகை நாள்ல எதுக்கும்மா டென்ஷன்? ஸ்வீட் எடுத்துக்கோங்க" என்று ஒரு டப்பாவை நீட்டினார். வெளியே பலகை இருண்டுவிட்டது என்று வாட்ச்மேன் வந்து சொன்னான்.

வீட்டுக்கு வந்து அண்ணன் பேசிய பேச்சை நினைத்தால் இப்போதும் உடம்பு கூசுகிறது. மன்னிப்புக் கேட்டிருந்தால், கெஞ்சியிருந்தால், பயந்துவிட்டேன் என்று சொல்லியிருந்தால்கூட மனிதன் என்று நினைத்திருப்பேன். அவன் காலை நீட்டி உட்கார்ந்துகொண்டு கணக்குச் சொன்னான். தூசி பிடிக்கும் பைகள் கிழிந்துவிட்டனவாம், மாற்றினால் உலையை நிறுத்த வேண்டுமாம், நிறுத்தினால் முதலாளிக்கு நஷ்டமாம். "நா பண்லன்னா வேற ஒருத்தன் பண்ணப் போறான். இதுல இன்னா பேஜாரு உனக்கு? பாப்பாக்கு மருந்து எந்த சம்பளத்துல வருதுன்னு நெனச்ச?" என்றான். பாப்பா அப்போது உள்ளே முகமூடிக்குள் மூச்சு விட்டுக்கொண்டிருந்தாள். அந்த இயந்திரத்தின் கொர்ரென்ற சத்தம் கூடம் வரைக்கும் கேட்டது. கெட்டவர்களைப் பற்றி நிறையக் கேள்விப்பட்டிருக்கிறேன். சொந்தக் குழந்தையின் நெஞ்சுச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே இப்படிப் பேசுகிறவனோடு ஒரே வயிற்றில் பிறந்திருக்கிறேன் என்பதுதான் எனக்குச் சகிக்கவில்லை. சீ என்று அவன் முகத்துக்கு நேரே சொன்னேன். டிவி சத்தத்தைக் கூட்டி வைத்துக்கொண்டான்.

மறுநாள் காலை கம்பெனி பஸ்ஸில் போகும்போது பார்த்தேன். பலகை எரிந்துகொண்டிருந்தது. பச்சை எண்கள், அதே ஏற்றம், அதே இறக்கம். டப்பாவுக்குள் இருந்ததை அண்ணன் எப்போதோ பிரதி எடுத்து, ரிச்சி தெருவில் யாரிடமோ கொடுத்து, இன்னும் சில டப்பாக்கள் செய்து வைத்திருந்தான் என்று பிறகு தெரிந்தது. அண்ணி பிடுங்கியது ஒன்றைத்தான். பலகை மறுபடி எரிவதைச் சாயந்தரம் அவளிடம் சொன்னேன். பாப்பாவின் துணிகளை மடிக்க ஆரம்பித்தாள். அந்த வாரமே பாப்பாவைக் கூட்டிக்கொண்டு ஆர்.கே.பேட்டைக்குப் போய்விட்டாள். பரணிலிருந்த சாக்கை எடுத்துக்கொண்டாள், டப்பாவை மட்டும் வைத்துவிட்டாள். "நீயே வெச்சுக்கோ, இல்லாட்டி குப்பைல போடு. என்னால தொட முடியல" என்றாள். தொட்டால் அழுக்கு ஒட்டிக்கொள்ளும் என்பதுபோல் புடவை முந்தானையால் பிடித்துத்தான் அதை என் பக்கம் நகர்த்தினாள். நானும் அடுத்த மாதமே விடுதிக்கு மாறினேன். அண்ணன் இப்போது மேனேஜராகிவிட்டான். புதுவாயலில் அவன் இருக்கும் வீட்டில் ஏசி போட்டு, ஜன்னலெல்லாம் இறுக்கி மூடியிருக்கிறான் என்று சொன்னார்கள். நல்ல காற்று வேண்டும் என்பது அவனுக்கும் தெரிகிறது.

போன மாதம் ஆர்.கே.பேட்டைக்குப் போயிருந்தேன். அண்ணி சந்தைத் தெருவில் ஒரு சின்ன இடம் பிடித்து, மோட்டார் ஸ்டார்ட்டர் போர்டுகளைப் பழுது பார்க்கிறாள். கடைக்குள் ஈயப் புகை சுருண்டுகொண்டிருந்தது. பாப்பா அங்கேயே உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதுகிறாள். பள்ளி விட்டால் தெருக்கோடி வரை ஓடி, திரும்பவும் ஓடி வருகிறாள். நெபுலைசர் அட்டைப்பெட்டியோடு பீரோவுக்கு மேல் கிடக்கிறது. அண்ணி கையை முகர்வதில்லை. பழைய பேச்சு எதையும் அவள் எடுக்கவில்லை, நானும் எடுக்கவில்லை. பஸ் ஏற்றிவிட வந்தபோது மட்டும், பையை என்னிடம் கொடுத்துக்கொண்டே கேட்டாள்.

"மில்லு இன்னும் ஓடுதாம்மா?"

எதைக் கேட்கிறாள் என்று எனக்குத் தெரியும். எங்கள் எதிர்வீட்டு மாவு மில்லை மூடி எவ்வளவோ காலம் ஆகிவிட்டது. எல்லாரும் பாக்கெட் மாவு வாங்க ஆரம்பித்ததும் மில்காரர் இயந்திரத்தைப் பழைய இரும்புக்குப் போட்டுவிட்டார். அந்த இடத்தில் இப்போது ஒரு செல்போன் கடை இருக்கிறது. ஆனால் வேலை முடிந்து பஸ்ஸுக்கு நிற்கும்போது, மூக்கைத் துப்பட்டாவால் பொத்திக்கொண்டு, கறுப்புப் புகைக்குக் கீழே எரியும் அந்தப் பச்சைப் பலகையைத் தினமும் பார்க்கிறேன். சாயந்தரம் அந்த நேரம் வந்ததும் எண் சட்டென்று விழுகிறது, கொஞ்ச நேரம் சோர்ந்து நிற்கிறது, பிறகு நிமிர்கிறது.

"ஓடுது அண்ணி" என்றேன். "தெனமும் ஓடுது."